டி.வி.எஸ். குடும்பத்தாருக்கு: பட்டறைக் கதையையும் சொல்லுங்கள்

டி.வி.எஸ். குடும்ப நிறுவனங்களை நடத்தும் பெரியவர்களுக்கு வணக்கம்.

திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் வக்கீல் தொழில், ரயில்வே, பேங்க் என்று பார்த்துவிட்டு, 1911இல் மதுரையில் தொழில் தொடங்கினார். மறு ஆண்டே தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே பஸ் ஓடியது. இதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். டி.வி.எஸ். பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்வார்கள் என்ற பேச்சும் பழகியதுதான். சரி, அந்த நேரத்தைக் காப்பாற்ற ராத்திரி பட்டறையில் யார் என்ன செய்தார்கள்?

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது நீங்கள் கரிவாயு பிளாண்ட் செய்து வண்டிகளில் பொருத்தினீர்கள். இரும்பு உருளையில் அடுப்புக்கரியைப் போட்டு, காற்றைக் குறைத்து எரிப்பார்கள். வரும் வாயுவைக் குளிரவைத்து, தூசும் சாம்பலும் போக வடிகட்டி இன்ஜினுக்கு அனுப்ப வேண்டும். பெட்ரோலில் இருந்த இழுவை இதில் வராது. மேட்டில் வண்டி திணறும். புறப்படுவதற்கு வெகுநேரம் முன்பே கரியைப் பற்றவைத்தாக வேண்டும். உங்கள் வரலாற்றிலேயே பெரிய சாதனை எது என்றால் நான் இதைத்தான் சொல்வேன். வெளிநாட்டுக் கூட்டாளி யாரும் துணைக்கு வர முடியாத நேரம் அது.

அப்புறம் 1961இல் இங்கிலாந்தின் லூகாஸ் கம்பெனியோடு சேர்ந்து சென்னை பாடியில் வண்டிகளுக்கான மின்சாதனத் தொழிற்சாலை. மெக்கானிக்குகள் ‘செல்ஃப்’ என்று சொல்லும் ஸ்டார்ட்டர் மோட்டார், டைனமோ எல்லாம் இங்கேயே தயாராயின. 1962இல் பிரேக் செய்ய சுந்தரம் கிளேட்டன் கம்பெனி. இறக்குமதிக் கட்டுப்பாடு இதற்கு வழி திறந்தது உண்மைதான். ஆனாலும் ஐம்பது வருஷம் சீமை வண்டிகளைப் பிரித்து மாட்டிய கைகள் இல்லாமல் அது இவ்வளவு சீக்கிரம் கூடியிருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

கேட்பது இதுதான். பழைய வேலைப் பதிவேடு, வரைபடம், டைம் டேபிள் எது மிஞ்சியிருந்தாலும் ஆய்வு செய்பவர்கள் பார்க்க விடுங்கள். பஸ்கள் அரசுடைமையாகி அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. அன்று வேலை பார்த்த ஃபிட்டர், டிரைவர், கண்டக்டர்களில் இருப்பவர்களிடம் இப்போதே உட்கார்ந்து கேட்டுப் பதிவு செய்யுங்கள், தமிழிலேயே. கரிவாயு பிளாண்ட் ஒன்றாவது மிச்சமிருந்தால், மதுரையில் பள்ளிப் பிள்ளைகள் சுற்றிவந்து பார்க்கும்படி வையுங்கள். பற்றவைத்துக் காட்ட வேண்டாம்; பக்கத்தில் ஒரு படம் போட்டு விளக்கினால் போதும்.

இப்படிக்கு,
மோட்டார் வரலாற்றில் ஆர்வமுள்ள மதுரைக்காரன்