கிழமையைப் பெரிதாக எழுதச் சொல்லித் தந்தவர்களுக்கு

அன்புள்ள அக்காமார், அண்ணன்மார், நாநா, போர்டிங் வீட்டு அம்மா எல்லோருக்கும்,

மட்டக்களப்பில் மக்கள் தொடர்புப் பிரிவில் என் ஆறு மாத உள்ளகப் பயிற்சி போன வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. பிரியாவிடை அன்று பேசச் சொன்னீர்கள், எனக்கு அழுகைதான் வந்தது. சொல்ல நினைத்ததை இப்போது திருக்கோவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். எல்லோரும் பார்க்கும்படி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு வேலை பழக்கியவர்களில் பாதிப் பேர் எங்கள் அலுவலகத்துச் சம்பளப் பட்டியலில் இல்லாதவர்கள். அவர்களுக்கு யாரும் நன்றிக் கடிதம் கொடுப்பதில்லை.

திருகோணமலையில் கோணேசபுரி வளாகத்தில் தொடர்பாடல் படித்துவிட்டு ஜூனில் வந்து சேர்ந்தேன். மக்கள் தொடர்பு என்றால் நிறுவனத்தின் பெயரை நாலு பேருக்கு நல்லபடி கொண்டுபோய்ச் சேர்ப்பது என்றுதான் நினைத்திருந்தேன். முதல் ஊடக அறிக்கையை 'மீன்பாடும் தேன்நாடாம் மட்டுமாநகரில்' என்று தொடங்கினேன். எங்கள் பிரிவுப் பொறுப்பாளர் அக்கா அதை வாசித்துவிட்டுக் கேட்டது ஒரு கேள்விதான்: "இதில கண் முகாம் எங்க நடக்குது எண்டு எத்தனையாவது வரியில வருது?" ஏழாவது வரியில் வந்தது. அன்று பின்னேரம் வரை அந்த ஒரு பந்தியையே திருப்பித் திருப்பி எழுத வைத்தார். அக்கா, அப்போது எனக்குக் கொஞ்சம் மனவருத்தமாக இருந்தது உண்மை. இப்போது அந்தப் பின்னேரத்தை யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.

அப்புறம் நாங்கள் நாநா என்று கூப்பிடும் காத்தான்குடி அண்ணன். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தல் சொல்லிப் போகிறவர். நான் எழுதிக் கொடுத்த தாளை ஒருமுறை அவர் தெருவில் நின்று எனக்கே வாசித்துக் காட்டினார். "தங்கச்சி, படலையில நிக்கிற மனிசிக்கு என்ட வண்டி கடந்து போறதுக்குள்ள கேக்கிறது ரெண்டு வசனம்தான். நீங்க எழுதின வசனம் அடுத்த சந்தியிலதான் முடியும்." அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு வசனத்திலும் இடத்தையும் கிழமையையும் திரும்பச் சொல்லப் பழகினேன். எந்த வசனத்தில் காது கொடுத்தாலும் விசயம் விளங்க வேண்டும். இதை எந்த விரிவுரையிலும் நான் கேட்டதில்லை.

செய்தியாளர் அண்ணாவுக்கும் என் நன்றி. படத்தில் நிற்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாக எழுதி அனுப்பவும், "போட்டீங்களா, போட்டீங்களா" என்று போன் எடுக்காமல் இருக்கவும் பழக்கியவர் அவர். சிங்கள அறிவித்தல்களைப் பொறுமையாகத் திருத்தித் தந்த அம்பாறை ஐயாவுக்கும், அச்சுக்கு முதல் நாள் இரவு கடையைப் பூட்டாமல் காத்திருந்த போட்டோ கொப்பிக் கடை அண்ணாவுக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

இனி நான் சொல்லியே ஆக வேண்டிய விசயம். ஒக்டோபர் கண் முகாமுக்கான துண்டுப் பிரசுரத்தில் திகதியைச் சரியாகப் போட்டுக் கிழமையைப் பிழையாகப் போட்டுவிட்டேன். புதன்கிழமைக்குப் பதிலாகச் செவ்வாய்க்கிழமை. செவ்வாய் காலை ஏழு மணிக்கெல்லாம் வெல்லாவெளிப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்து வாசலில் இருந்தார். பட்டிருப்புப் பாலம் கடந்து, களுவாஞ்சிக்குடியில் பஸ் மாறி வந்தவர். தாளைக் காட்டி, "செவ்வாய் எண்டுதானே மகள் போட்டிருக்கு. நாங்க கிழமையத்தான் பாக்கிற, திகதி பாக்கிறல்ல" என்றார். குரலில் கோபமே இல்லை. எனக்கு நிலத்தில் கால் ஊன்றவில்லை. எட்டு மணிக்குள் இன்னும் பலர் வந்துவிட்டார்கள்.

அக்கா என்னை ஒரு சொல் ஏசவில்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்க வைத்தார், ஒவ்வொருவரிடமும் என்னையே போய்ப் பேச வைத்தார். திரும்பிப் போகும் பஸ் காசை அலுவலகம் கொடுக்க ஒழுங்கு செய்தார். பிறகு திருத்தம் என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டு, பிழை எங்களுடையது என்று முதல் வரியிலேயே எழுதினார். கூட்டத்தில் யார் செய்த வேலை என்று கேட்டபோது, "எங்கட பிரிவுட பிழை" என்று மட்டும் சொன்னார். என் பெயர் அந்த அறையில் வரவே இல்லை. அக்கா, அதற்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

அந்த அம்மா மறுநாளும் வந்தார். நான் போன் எடுத்துக் கேட்டதற்காகத்தான் வந்ததாகச் சொன்னார். போன மாதம் கண்ணாடி கிடைத்தது.

நலத்திட்டத்துக்குப் பயனாளிகளின் பெயர்களை எப்படித் தெரிவு செய்தீர்கள் என்று ஒருவர் கேட்டு வந்த நாளையும் மறக்க மாட்டேன். நான் எப்படிச் சமாளிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி தகவல் அலுவலர் பதில் தர 14 வேலை நாட்கள் இருக்கிறது என்று படித்ததும் நினைவிருந்தது. அக்கா அந்த மனிதரை உள்ளே அழைத்து, தெரிவு செய்த விதிகளை அப்போதே எடுத்துக் காட்டினார். பின்னேரம் அதே விதிகள் அறிவித்தல் பலகையில் இருந்தன.

நவம்பர் மழையில் ஒரு இரவு. குளம் உடைத்துவிட்டது என்று ஒரு குரல் பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கியது. 2004 டிசம்பர் 26 சுனாமியைக் கண்ட ஊர் இது. 'தண்ணி வருது' என்ற இரண்டு சொல்லுக்கு இங்கே இருக்கும் கனம் வேறு. கல்லடியில் என் போர்டிங் அம்மா ஒரு சொல்லும் பேசாமல் அடையாள அட்டைகளை எடுத்துப் பையில் வைத்ததைப் பார்த்தேன். அக்கா முதலில் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும் கிராம சேவையாளர்களுக்கும் போன் எடுத்து உறுதிப்படுத்தினார். குளம் உடையவில்லை, நிறைந்த தண்ணீரை வெளியேற்றும் வான்கதவைத்தான் திறந்திருக்கிறார்கள். நான் 'பீதியடைய வேண்டாம்' என்று தொடங்கி எழுதியிருந்தேன். அக்கா அதை வெட்டினார். கேட்பவர் மனதில் பீதி என்ற சொல்தான் நிற்கும் என்றார். "குளம் உடையவில்லை. வான்கதவு திறந்துள்ளது. ஆற்றோரம் இருப்பவர்கள் பாடசாலைக்குப் போங்கள்." அவ்வளவுதான் அறிவித்தல். கோயில் ஒலிபெருக்கியிலும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் அதே மூன்று வசனம் போனது. நாநா மழைக்குள் ஆட்டோவை எடுத்துக்கொண்டு வவுணதீவுப் பக்கம் போய், விடியப் போகும் நேரம்தான் திரும்பினார். நாநா, அந்த இரவுக்கு நீங்கள் காசு வாங்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

போர்டிங் அம்மா, காலையில் நான் சாப்பிடாமல் ஓடிய நாளெல்லாம் பிட்டைச் சுற்றிப் பையில் வைத்ததற்கு நன்றி. தைப்பொங்கலுக்குப் பிறகு கட்டாயம் வருவேன்.

ஜனவரியில் என் கதிரைக்கு வரப்போகும் தங்கச்சிக்கு: நீல மட்டைக் கொப்பி மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் யாருக்கு எத்தனை மணிக்குப் போன் எடுத்தால் கிடைக்கும் என்று எழுதி வைத்திருக்கிறேன். வயல் வேலைக் காலத்தில் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு எடுங்கள். கடைசிப் பக்கத்தில் வெல்லாவெளி அம்மாவின் இலக்கம் இருக்கிறது. அடுத்த முகாமுக்கு அவருக்கு முதலில் சொல்லுங்கள், கிழமையைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பயிலுனர் தங்கச்சி,
திருக்கோவில்