தாள்களைப் புத்தகமாக்கிவிடாதீர்கள்: நெல்லை நூலகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி மாவட்ட நூலக ஆணைக்குழுவினருக்கும், நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டக் கல்லூரி நூலகர்களுக்கும் வணக்கம்.

நாளிதழில் முப்பது ஆண்டுகள் வாரம் தவறாமல் பத்தி எழுதிய ஒருவரின் கையெழுத்துத் தாள்களை அவர் வீட்டார் பொது இடத்துக்குக் கொடுக்க முன்வந்திருக்கிறார்கள். பெயர் இப்போதைக்கு வெளியே வர வேண்டாம் என்று அவர்கள் கேட்பதால் நாங்களும் எழுதவில்லை. உங்களில் சிலர் வாங்கிக்கொள்ளலாம் என்று யோசிப்பதாகத் தெரிகிறது. நல்ல காரியம். ஆனால் வாங்கிய மறுநாள் நூலகத்தில் வழக்கமாக என்னென்ன நடக்குமோ, அதை நினைத்துத்தான் இந்த மடல். பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்துவது, பசை வைத்து எண் ஒட்டுவது, பொருள்வாரியாகப் பிரிப்பது, இரட்டைப் படியைக் கழிப்பது, கிழிந்ததை பைண்டிங்குக்கு அனுப்புவது. புத்தகத்துக்கு இதெல்லாம் சரி. இந்தத் தாள்களுக்கு இதில் ஒவ்வொன்றும் கேடு.

ஏன் என்று புரிய, ஒரு பத்தியின் கட்டு எப்படி இருக்கும் என்று பார்த்தால் போதும். மேலே நியூஸ்பிரிண்ட் துண்டுகள் ஆறேழு. அச்சகத்தில் ரீல் வெட்டி மிஞ்சிய தாள். நீல மையில் ஒரு பக்கம் மட்டும் எழுதியிருக்கும். தொடக்க வரி இரண்டு முறை அடித்து மூன்றாம் முறை நின்றிருக்கும். அடுத்து நல்லபடி எழுதிய பிரதி; அதன் ஓரத்தில் கம்போசிங் ஆளின் மை விரல் பட்ட கறை. பிறகு புரூஃப், அதாவது பிழை பார்க்க எடுத்த சோதனை அச்சு. கடைசியில் பேப்பரில் வந்ததன் கத்தரிப்பு. ஆசிரியர் குழு வெட்டிய பகுதியை எழுதியவரே சிவப்பு மையில் அங்கே திரும்ப எழுதிச் சேர்த்திருப்பார். அதோடு இரண்டு வாசகர் கார்டு. இவை அத்தனையும் ஒரே ஜெம் கிளிப்பில். 'கத்தரிப்புதான் மைக்ரோஃபிலிமில் இருக்கிறதே, இது இரட்டைப் படி' என்று யாராவது தூக்கிப் போட்டால், வெட்டப்பட்டது எது என்று சொல்ல உலகத்தில் வேறு சான்று கிடையாது.

இந்த மண்ணில் பிறந்து பத்திரிகையில் உழைத்தவர்கள் விஷயத்தில் இது ஏற்கெனவே நமக்குத் தெரிந்த வலிதான். பாரதி பத்திரிகைகளில் கையெழுத்திடாமலும் பல புனைபெயர்களிலும் எழுதியதில் எது அவருடையது என்று தீர்மானிக்க ஆய்வாளர்கள் நடையையும் சொல்லாட்சியையும் பிடித்துக்கொண்டு எத்தனை ஆண்டு அலைந்திருக்கிறார்கள். பெயரில்லாத தலையங்கத்துக்கு ஒரே ஒரு வரைவுத் தாள் கிடைத்தால் அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

ஆகவே முதல் விதி: வீட்டில் எந்த வரிசையில் இருக்கிறதோ அந்த வரிசை கலையக் கூடாது. ட்ரங்குப் பெட்டி, பீரோ, பரண், தார்சாவில் இருக்கும் மேசை இழுப்பறை, ஒவ்வொன்றையும் திறந்தவுடன் கை வைக்காமல் போட்டோ எடுங்கள். பெட்டிக்கு ஓர் எழுத்து, அதற்குள் கட்டுக்கு ஓர் எண்: அ1, அ2 என்று. 2பி பென்சிலால் ஒவ்வொரு தாளின் வலது மேல் மூலையில் எண் போட்ட பிறகுதான் கிளிப்பைக் கழற்ற வேண்டும். பேனா அந்த அறைக்குள்ளேயே வரக் கூடாது. கிளிப், குண்டூசி, ஸ்டேப்பிள் எல்லாம் நம் ஊர் ஈரத்தில் துருப்பிடித்துத் தாளோடு ஒட்டியிருக்கும். பின் ரிமூவரால் இழுத்தால் தாளோடு பிய்ந்து வரும். தாளைக் குப்புறப் போட்டு, மெல்லிய பாலியெஸ்டர் பிலிம் துண்டு ஒன்றைக் கம்பிக்கும் தாளுக்கும் நடுவே நுழைத்து, இரண்டு காலையும் நிமிர்த்தி, அப்புறம்தான் மேலே தூக்க வேண்டும். துருக்கறையைச் சுரண்டாதீர்கள். மூன்று தாளில் ஒரே இடத்தில் ஒரே வடிவில் கறை இருந்தால் அவை ஒன்றாகக் கிடந்தவை என்பதற்கு அதுவே சாட்சி. ரப்பர் பேண்டு உருகி ஒட்டியிருந்தால் இழுக்காமல், காய்ந்த பகுதியை மட்டும் நுண்கத்தியால் தட்டி எடுக்கலாம். மிச்சத்தைப் பயிற்சி உள்ளவருக்கு விடுங்கள்.

நியூஸ்பிரிண்ட் தன்னைத் தானே தின்னும் தாள். மரத்தை அரைத்த கூழில் லிக்னின் என்ற மரப்பொருள் அப்படியே இருக்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுப்பாகி, அமிலம் ஊறி, தாள் மடிக்கிற இடத்தில் அப்பளமாய் நொறுங்கும். பக்கத்துத் தாளுக்கும் அந்த அமிலம் இறங்கும். பல ஆண்டு ஒரே இடத்தில் கிடந்த கத்தரிப்பின் நிழல் அடுத்த பக்கத்தில் விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்காகக் கத்தரிப்பைத் தனிப் பெட்டிக்கு மாற்ற வேண்டாம், கட்டிலேயே இருக்கட்டும். இருபுறமும் கால்சியம் கார்பனேட் சேர்த்த, அமிலமில்லாத தாளை இடைத்தாளாக வையுங்கள். ஒரு உறையில் 40, 50 தாள். ஒரு பெட்டியில் பத்துப் பன்னிரண்டு உறை. பெட்டியை நெருக்கி அடைக்காதீர்கள், பாதியாகவும் விடாதீர்கள். பாதியாக இருந்தால் தாள் சரிந்து வளையும்.

கணக்குக்கு: வாரம் ஒன்று, முப்பது ஆண்டு என்றால் 1,560 பத்தி. பத்திக்கு வரைவும் பிரதியுமாகப் பத்துத் தாள் வைத்தாலே 15,600. வாசகர் கடிதம், டைரி, கத்தரிப்பு எல்லாம் சேர்த்தால் நாற்பது பெட்டிக்கு இடம் ஒதுக்குங்கள். ஒரு பீரோ போதும் என்று யாராவது சொன்னால் அவர் தாள்களைப் பார்க்கவில்லை என்று பொருள்.

கூடாதவை சில. பஜாரில் பிளாஸ்டிக் லாமினேஷன் போடுவது கூடவே கூடாது. சூட்டில் உருகிய பசை தாளுக்குள் இறங்கிவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. செல்லோடேப்பும் அப்படியே: சில ஆண்டில் டேப் உதிரும், மஞ்சள் பசை மட்டும் தங்கும். கிழிசலை ஒட்ட ஜப்பானிய மெல்லிய டிஷ்யூத் தாளும் கோதுமை ஸ்டார்ச்சுப் பசையும் வேண்டும். மைதாப் பசை ஸ்டார்ச்சு ஆகாது. அதிலிருக்கும் புரதம் பூச்சிகளுக்கு விருந்து. ஸ்டேஷனரிக் கடை பி.வி.சி. ஃபைல் வேண்டாம், ஜெராக்ஸ் எழுத்து அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அந்துருண்டையும் வேண்டாம், அதன் ஆவி அங்கே உட்கார்ந்து வேலை செய்கிற ஆளைத்தான் முதலில் பாதிக்கும். ஃபேக்ஸ் தாள் இருந்தால் அதைத்தான் முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும். அது சூட்டில் எழுத்து விழும் தாள். அதிகச் சூடு பட்டால் தாளே கறுக்கும், இல்லையென்றால் எழுத்து தானே வெளிறும்.

அறை. இதில் நம் சீமைக்கு ஒரே விதி செல்லாது. தென்காசி, செங்கோட்டைப் பக்கம் ஆனி ஆடிச் சாரலில் ஈரம் ஏறும். பாளையங்கோட்டையில் அந்த மாதங்களில் காய்ந்த காற்றும் புழுதியும், ஈரம் வருவது ஐப்பசி கார்த்திகையில். திசையன்விளைப் பக்கம் செம்மண் தூசி ஜன்னல் இடுக்கு வழியாகவே உள்ளே வரும். ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். 45-லிருந்து 55-க்குள் நிறுத்த முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் 60-க்குக் கீழே, ஏறி இறங்காமல் இருந்தாலே போதும். அலுவலகத்தில் ஏ.சி. காலை பத்து மணிக்குப் போட்டு மாலை ஆறுக்கு அணைப்பார்கள். இது ஏ.சி. இல்லாததைவிட மோசம், இரவில் வெளி ஈரம் உள்ளே வந்து குளிர்ந்த தாளில் இறங்கும். நாள் முழுவதும் ஓட்ட மின் கட்டணம் கட்டுப்படியாகாது என்றால் ஏ.சி.யே வேண்டாம், எதிரெதிர் ஜன்னலும் மின்விசிறியும் ஒரு ஈரமானியும் போதும்.

அடித்தளம் கூடாது என்பதை 2023 டிசம்பர் 17, 18-க்குப் பிறகு விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை தாண்டி நெல்லை ஜங்ஷன் வரை வந்தது. அதற்காகக் கடைசி மாடிக்கும் போக வேண்டாம், தட்டட்டி ஒழுகும், வெயில் நேரே இறங்கும். நடு மாடி, கழிப்பறைச் சுவரும் தண்ணீர்த் தொட்டியும் ஒட்டாத அறை, இரும்பு அலமாரி, கீழ்த்தட்டு தரையிலிருந்து 15 சென்டிமீட்டர், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. சுவரைத் தொட்டால் செல், அதாவது கறையான், ஏறும்.

தாள் நனைந்துவிட்டால் உங்களுக்கு இருப்பது இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று. அதற்குள் காய வேண்டும், இல்லாவிட்டால் உறைய வேண்டும். நீல மை தண்ணீரில் ஓடும்; வெயிலில் போட்டாலும் இஸ்திரி போட்டாலும் கெடும். தூத்துக்குடியில் மீன் ஏற்றுமதிக் கிடங்குகளில் மைனஸ் 18 டிகிரி அறைகள் இருக்கின்றன, அவர்களோடு முன்கூட்டியே பேசி வைக்கலாம் என்ற யோசனை நல்லதுதான். ஆனால் 2023-ல் அந்தச் சாலையே துண்டித்துக் கிடந்தது. அதனால் ஐஸ்கிரீம் கடையில் இருக்கிறதே, அந்த மாதிரி 300 லிட்டர் பெட்டி ஃப்ரீசர் ஒன்றை மாடியிலேயே வாங்கி வையுங்கள். மழை இல்லாத நாளிலும் அதற்கு வேலை இருக்கிறது. புதிதாக வருகிற கட்டைப் பாலித்தீன் பையில் காற்றுப் போகாமல் ஒட்டி, மைனஸ் 20-ல் ஒரு வாரம் வைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. ஒரு நாள் அப்படியே விட்டு அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும். அவசரப்பட்டால் தாள் மேல் தண்ணீர் கோக்கும்.

ஸ்கேன் செய்வதைப் பற்றி நிறைய ஆசை இருக்கிறது, எழுதுகிறோம். கைபேசி ஆப் வேண்டாம். அது பக்கத்தை வெளுப்பாக்கி எழுத்தைக் கறுப்பாக்கும்போது பென்சில் திருத்தமும் மறுபக்கத்துக் கறையும் காணாமல் போகும். நமக்கு வேண்டியதே அவைதான். சமதள ஸ்கேனர், வண்ணம், அங்குலத்துக்கு 400 புள்ளி (டி.பி.ஐ.), படத்தைச் சுருக்காமல் வைக்கும் டிஃப் (TIFF) கோப்பு. ஏ4 அளவுக்கு ஒரு பக்கம் 46 எம்.பி. வரும், 15,600 பக்கத்துக்குக் கிட்டத்தட்ட 720 ஜி.பி. மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில். நொறுங்கும் தாளில் ஒருவர் ஒரு நாளில் 150-க்கு மேல் செய்தால் எதையோ கிழிக்கிறார். ஆக, ஐந்து மாத வேலை. ஸ்கேன் ஆனபின் மூலத்தை எடைக்குப் போடலாமா என்று தணிக்கைக்காரர் கேட்பார். கூடாது என்பதே பதில்.

கம்ப்யூட்டருக்கு மாறிய பிற்காலப் பத்திகள் தாளைவிடச் சீக்கிரம் அழியும். ஃபிளாப்பியில் பாமினி, டாப், டிஸ்கி என்று அந்தக் காலக் குறியீடுகளில் அடித்தது, உரிய எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகத்தான் தெரியும். தமிழக அரசு ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாறியது 2010-ல். மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் பழைய கோப்பையும் எழுத்துருவையும் சேர்த்து வையுங்கள். மாற்றும் நிரல் கொம்பையும் காலையும் இடம் மாற்றிப் போடுவது உண்டு. தேதியில்லாத கையெழுத்தில் பழைய றா, ணை, லை வடிவம் இருப்பதைக் கண்டு '1978-க்கு முன்' என்று பட்டியலில் எழுதிவிடாதீர்கள். எழுத்துச் சீர்திருத்த ஆணை அச்சுக்கு வந்தது, பழகிய கைக்கு வரவில்லை.

உரிமை விஷயத்தில் குழப்பம் வேண்டாம். தாளைக் கொடுப்பது வேறு, பதிப்புரிமையைக் கொடுப்பது வேறு. இரண்டையும் தனித்தனி வரியாக ஒப்பந்தத்தில் எழுதி, சட்டப்படி வாரிசுகள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சம்பளத்துக்கு எழுதியவரின் எழுத்தைப் பத்திரிகையில் வெளியிடும் உரிமைதான் நிறுவனத்துக்கு. மற்ற உரிமை எழுதியவருக்கே. அது அவர் இறந்து 60 ஆண்டு வரை வாரிசுகளிடம் இருக்கும். வாசகர் எழுதிய கடிதத்தின் தாள் நமக்கு வரும், அதை அச்சிடும் உரிமை கடிதம் எழுதியவருடையது. 1990-களில் தென் மாவட்டச் சாதிக் கலவர நாட்களில் இந்தப் பகுதியில் பத்தி எழுதிய எவருக்கும் ஊர்ப் பெயரும் ஆள் பெயருமாகக் கடிதம் வந்திருக்கும். அவற்றைக் கிழிக்கவும் வேண்டாம், இப்போது திறக்கவும் வேண்டாம். தனி உறையில் மூடி, எந்த ஆண்டு திறக்கலாம் என்று மேலே எழுதுங்கள். அந்தக் கடிதங்களை எழுதியவரும் அவர் பிள்ளைகளும் இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள்.

தில்லியிலிருந்து பழஞ்சுவடிகளுக்கான மத்திய அரசுத் திட்டப் பணம் வரும் என்று காத்திருக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் 75 ஆண்டு ஆன கையெழுத்தைத்தான் கணக்கில் எடுக்கும். ஏட்டுச் சுவடிக்கு ஆள் உண்டு. நேற்றைய நியூஸ்பிரிண்டுக்கு உங்களைத் தவிர ஆளில்லை. 75 ஆண்டு ஆகும்போது இந்தத் தாள் தூளாகியிருக்கும்.

புரட்டாசிக்குள் பெட்டிகள் மாடி ஏற வேண்டும். அதற்கு முன் மூன்று விஷயம் தீர்மானமாக எழுத்தில் வேண்டும்: எந்த அறை, இடைத்தாளுக்கும் பெட்டிக்கும் எந்தக் கணக்கில் பணம், சாவி யாரிடம், அவர் மாறுதலாகிப் போனால் யாரிடம். எடுக்க வரும் தேதியைச் சொன்னதும் வீட்டார், 'தூசி தட்டி, வருஷ வாரியாக அடுக்கி, வேண்டாததைக் கழித்து வைக்கட்டுமா?' என்று கேட்பார்கள். மரியாதைக்குக் கேட்பதுதான். தொட வேண்டாம் என்று இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தாள் பாதுகாப்பிலும் ஆவணப் பட்டியலிலும் வேலை செய்யும் நெல்லைக்காரர்கள் சிலர்