எத்தனை மெகாவாட் என்பது சரி; எத்தனை மணி நேரம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

காற்றாலை, சூரிய மின்சாரத்தை மட்டுமே நம்பி ஒரு மின்கட்டமைப்பை நடத்துவது பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். முடியும் என்ற முடிவோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கட்டுரையில் பேட்டரி வரும் இடத்திலெல்லாம் 'இத்தனை மெகாவாட்' என்று போட்டுவிட்டு, அது எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை விட்டுவிட்டார்கள். குழாயின் அகலத்தை (மெகாவாட்) சொல்லி, தொட்டியின் கொள்ளளவை (மெகாவாட்-மணி) சொல்லாத கதை இது.

தெற்கு ஆஸ்திரேலியாவில் 2017இல் வந்த ஹார்ன்ஸ்டேல் பேட்டரி தொடக்கத்தில் 100 மெகாவாட், 129 மெகாவாட்-மணி. முழுத்திறனில் கொடுத்தால் ஒன்றேகால் மணி நேரத்தில் காலி. அதற்காக அதை மட்டம் தட்ட முடியாது. எங்கோ ஒரு பெரிய நிலையம் திடீரென்று நின்று, மின்கட்டமைப்பின் அலைவெண் (மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பது) வழக்கமான 50 ஹெர்ட்ஸிலிருந்து சரியத் தொடங்கினால், நொடிக்குள் கைகொடுப்பது பேட்டரிதான். வெயில் இறங்கிய பிறகு வரும் மாலை நேரத் தேவைக்கு நான்கு மணி நேர பேட்டரி போதும். மிஞ்சும் மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் நீரேற்று நிலையம் இருந்தால் இரவையும் ஓட்டிவிடலாம்.

அப்புறம்தான் சிக்கல். ஜெர்மனியின் குளிர்காலத்தில் காற்றும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் நாள்கணக்கில் இழுக்கும். ஸ்பெயினுக்குச் சொந்தமான எல் யெர்ரோ தீவில் பழைய எரிமலை வாயையே மேல் நீர்த்தேக்கமாக்கி, காற்றாலைகளோடு இணைத்திருக்கிறார்கள். 2019 கோடையில் தொடர்ந்து மூன்று வாரத்துக்கும் மேல் டீசலே இல்லாமல் தீவு ஓடியது. ஆனால் முழு ஆண்டுக்கும் கணக்குப் போட்டால் தேவையில் பாதியை ஒட்டித்தான் வருகிறது. காற்று படுத்துவிட்டால் டீசல் எஞ்சின்தான்.

இந்த நீண்ட இடைவெளிக்குக் கட்டுரை ஹைட்ரஜனைக் கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. மாதக்கணக்கில் சேமிக்கலாம், உண்மை. ஆனால் மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கி மறுபடி மின்சாரமாக்கும்போது போட்டதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் திரும்பும். நீரேற்றில் முக்கால் பங்கு வரும். என்னைக் கேட்டால், தேவைக்கு மேல் கொஞ்சம் காற்றாலைகளைக் கட்டி, தொலைதூர மின்பாதைகளால் பகுதிகளை இணைப்பதுதான் முதல் வேலை. நல்ல காற்றடிக்கும் நாளில் கொஞ்சம் மின்சாரம் வீணானால் குடிமுழுகிவிடாது.

அப்படியும் ஆண்டில் சில நாள்களுக்கு மட்டும் ஓடும் நிலையங்கள் சில தேவைப்படும். மீதி நாளெல்லாம் சும்மா நிற்கப்போகும் ஒன்றைக் கட்ட யார் பணம் போடுவார்கள், எந்தக் கட்டண முறையில் அதைத் திரும்ப எடுப்பார்கள்? இதைப் பற்றி விவரமாக ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்