செயலாளர் ஆகப்போகும் சுந்தரத்துக்கு

சயான், மும்பை
ஞாயிறு மாலை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. பேத்தி பிறந்த சேதியில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். பெயர் வைத்ததும் எழுது. எனக்கு முழங்கால் வலி, மற்றபடி குறையில்லை. 2024 ஆகஸ்டில் சயான் பாலத்தை மூடியதிலிருந்து தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போவதென்றாலே ஒரு யாத்திரை. கால் கெட்டதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாரும் நம்பவில்லை.

நீ கேட்டது ஒரே வரி. நம் ஏ.சி. துறைக்காரர்களின் சங்கத்தில், கோவைக் கிளைக்கு உன்னைச் செயலாளராக இருக்கச் சொல்கிறார்கள், ஒத்துக்கொள்ளட்டுமா என்று. வாட்ஸ்அப்பில் 'வேண்டாம்டா' என்று அடித்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். ஆனால் அதே நாற்காலியில் இங்கே ஆறு வருஷம் உட்கார்ந்து எழுந்தவன் நான். ஒரு வார்த்தையில் முடிக்க மனசு வரவில்லை.

முதலில் டீ விஷயம். மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை எங்கள் கிளைக் கூட்டம். மாட்டுங்காவில் சின்ன அரங்கம் ஒன்றை வாடகைக்கு எடுப்போம், நாற்பது பேர் வருவார்கள். எண்ணெய் திரும்பி வராமல் கம்ப்ரஸர் எப்படிச் சாகிறது, ஆபரேஷன் தியேட்டரில் காற்று எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று யாராவது ஒருவர் பேசுவார். நடுவில் வடையும் டீயும். டீ, கீழே நடைபாதையில் கடை போட்டிருப்பவரிடமிருந்து அலுமினியக் கெட்டிலில் மேலே வரும். அவரிடம் பில் புத்தகம் ஏது? ஒரு துண்டுச்சீட்டில் 'சாய் 40' என்று இந்தியில் கிறுக்கிக் கொடுப்பார். அதை வவுச்சரில் ஒட்டி, நானும் பொருளாளரும் கையெழுத்துப் போட்டு அனுப்புவோம். எனக்கு முன்னால் இருந்தவர்கள் காலத்திலிருந்தே அப்படித்தான். போன வருஷம் டெல்லித் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மெயில்: ஜி.எஸ்.டி. எண் உள்ள பில் இல்லாத செலவை ஏற்கமாட்டோம், அந்த வருஷத்து டீச் செலவு முழுவதையும் கிளை நிர்வாகிகளே ஈடுகட்ட வேண்டும். கட்டினோம். நானும் பொருளாளரும் எங்கள் பையிலிருந்து, பாதிப் பாதி. அடுத்த மாதமே இன்னொரு சுற்றறிக்கை வந்தது. நட்சத்திர ஓட்டலில் ஆண்டு மாநாடு, ஒவ்வொரு கிளையும் நான்கு பேரை அனுப்பியே ஆகவேண்டும், கட்டணம் கிளையின் பொறுப்பு. அந்த ஓட்டலில் டீக்குப் பக்காவாக ஜி.எஸ்.டி. பில் கொடுத்திருப்பார்கள்.

பணம் போய்வரும் வழியையும் தெரிந்துகொள். முன்பு சந்தாவை நாங்கள் வாங்குவோம், கிளையின் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை டெல்லிக்கு அனுப்புவோம். இப்போது எல்லாச் சந்தாவும் நேரே ஒரே கணக்குக்குப் போகிறது. எங்கள் பங்கு மூன்றில் ஒன்று. அது திரும்பி வர எட்டு மாதம், ஒரு தடவை பதினொரு மாதம். அதுவரை அரங்க வாடகையை யார் கொடுப்பது? பழைய உறுப்பினர் ஒருவர் கைமாற்றாகக் கொடுப்பார். கடைசியில் பணம் வரும்போது கூடவே ஒரு கடிதம், 'உங்கள் கிளைக்கு மானியம் வழங்கப்படுகிறது' என்று. நம்ம காசுடா அது!

சந்தாவுக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இருக்கிறதே, அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. உறுப்பினர் கூடித்தான் சங்கம், ஒருவர் தனக்குத் தானே சேவை விற்க முடியாது, ஆகவே வரி இல்லை என்பது பழைய வாதம். 2019 அக்டோபரில் கல்கத்தா கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. அது பழைய விற்பனை வரி, சேவை வரி சம்பந்தப்பட்ட வழக்கு. அரசு சும்மா இருக்குமா? 2021-இல் ஜி.எஸ்.டி. சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. சங்கம் வேறு ஆள், உறுப்பினர் வேறு ஆள் என்று கருதவேண்டும், அதுவும் 2017 ஜூலை 1-ஆம் தேதியிலிருந்தே. எங்கள் பொருளாளர் அதைப் படித்துவிட்டு, "இது நம்ம டெல்லிக்காரர்களுக்கு எப்பவோ தெரியுமே" என்றார். கூட்டத்தில் அன்றைக்கு யாரும் கம்ப்ரஸரைப் பற்றிப் பேசவில்லை.

அவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். கிளைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே பான் எண். ஏதோ ஒரு ஊர்க் கிளை கணக்குக் கொடுக்காமல் இழுத்தடித்தால் மொத்தத் தணிக்கையும் நிற்கும். எனக்கு முன்னால் இருந்த நிர்வாகம் மூன்று வருஷத்து வவுச்சர்களை ஒரு செருப்பு டப்பாவில் போட்டு வைத்திருந்தது. நானே திறந்து பார்த்தேன், உள்ளே கரப்பான் முட்டை. கணக்கைக் கேள், கறாராகவே கேள். ஆனால் கேட்கிற விதத்தில் ஒரு மரியாதை வேண்டாமா? சம்பளம் வாங்காமல் சனி ஞாயிறைக் கொடுக்கிறவனிடம், சந்தேகப்பட்ட முதலாளி கணக்குப்பிள்ளையிடம் பேசுவதைப் போலப் பேசுகிறார்கள்.

என்னை உண்மையிலேயே கசக்க வைத்தது இதெல்லாம் இல்லை, மெக்கானிக் வகுப்புதான். அதை உனக்கு விவரமாகச் சொல்லவேண்டும்.

மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் தாராவியில் ஒரு பள்ளிக்கூடக் கூடத்தில் ஏ.சி. மெக்கானிக் பையன்களுக்கு இலவசமாக வகுப்பு எடுக்கிறோம். பெரும்பாலும் உத்தரப் பிரதேசம், பீகாரிலிருந்து வந்தவர்கள். என் இந்தி உனக்குத் தெரியும். முதல் நாள் பாதி வகுப்பு சிரித்தது, மறுபாதி என்னைத் திருத்தியது. ஏ.சி.யைக் குளிரவைக்கும் கேஸ்களில் நமக்குத் தெரிந்த ஆர்-22 கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஓசோன் படலத்தைக் காக்கப் போட்ட மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி அதற்கு 2030 வரைதான் கெடு. இப்போது வீட்டு ஏ.சி.யில் வருவது ஆர்-32, சிலதில் ஆர்-290. ஆர்-22 தீப்பிடிக்காது. ஆர்-32 லேசாகப் பிடிக்கும். ஆர்-290 என்பது சாட்சாத் புரொப்பேன், அடுப்பு கேஸின் பங்காளி. பையன்களின் கை மட்டும் இன்னும் ஆர்-22 காலத்திலேயே இருக்கிறது. குழாயிலிருக்கும் காற்றை உறிஞ்சியெடுக்கிற வேக்கம் பம்பைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏற யாருக்கும் தெம்பில்லை. வெளியே மாட்டியிருக்கும் அவுட்டோர் யூனிட்டின் வால்வில் ஆலன் கீயைக் கால் சுற்றுத் திருப்பி, இன்னொரு குழாயின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, 'ஸ்ஸ்ஸ்' என்று கேஸை விட்டே உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளிவிடுவார்கள். ஒரு நிமிஷ வேலை. அதே வேலையை மூடின பால்கனியில் புது கேஸில் செய்தால் என்ன ஆகும்?

ஜௌன்பூர்ப் பையன் ஒருவன் வந்தான், இடது புருவத்தில் பாதி இல்லை. என்னடா என்று கேட்டேன். குழாய்க்குள் கேஸ் மிச்சம் இருப்பது தெரியாமல் குழாயைப் பற்றவைக்கிற பிரேசிங் டார்ச்சைக் காட்டிவிட்டானாம். சிரித்துக்கொண்டே சொன்னான். அடுத்த வாரத்திலிருந்து, பிரேசிங்குக்கு முன்னால் குழாயில் நைட்ரஜன் ஓடவிட்டு மிச்ச கேஸை வெளியேற்றுவதைத்தான் முதல் பாடமாக வைத்தோம்.

வகுப்பு முடிந்ததும் கையில் ஒரு காகிதம் வேண்டும் என்றார்கள். காண்ட்ராக்டரிடம் காட்டினால் கூலி கொஞ்சம் ஏறும். நியாயம்தானே? சங்கத்தின் முத்திரையோடு ஒரு சான்றிதழ் அச்சடித்து 31 பேருக்குக் கொடுத்தோம். படம் எடுத்துப் பெருமையாக டெல்லிக்கு அனுப்பினேன். பாராட்டுவார்கள் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல! பதிலாக வந்தது விளக்கம் கேட்கும் நோட்டீஸ். முத்திரை தலைமை அலுவலகத்தின் சொத்து. சான்றிதழ் கொடுக்கவேண்டுமென்றால் ஆளுக்கு 600 ரூபாயும் வரியும் மையத்துக்குக் கட்டவேண்டும். பாடம் எடுப்பவர் முதலில் அவர்களுடைய பயிற்சியைக் காசு கட்டி முடித்திருக்க வேண்டும். முப்பத்தைந்து வருஷம் இந்தத் தொழிலில் இருந்தவன், ஸ்பேனரைப் பிடிக்க டெல்லியில் போய்ப் படித்துவிட்டு வரணுமாம். கொடுத்த 31 சான்றிதழையும் திரும்ப வாங்கச் சொன்னார்கள். நான் வாங்கவில்லை. அந்த நோட்டீஸுக்குப் பதிலும் எழுதவில்லை.

அப்புறம் தேர்தல். நம் சங்கம் 1860-ஆம் வருஷத்துச் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானது. அதன் 15-ஆம் பிரிவின்படி மூன்று மாதத்துக்கு மேல் சந்தா பாக்கி வைத்தவருக்கு ஓட்டுக் கிடையாது. நல்ல விதிதான். எங்கள் ஆட்கள் ஏப்ரலிலேயே கட்டிவிட்டார்கள். டெல்லி அதைக் கணினியில் ஏற்றியது அக்டோபரில். தேர்தல் செப்டம்பரில். எங்கள் கிளையில் 63 பேர் 'பாக்கிதாரர்' ஆகிவிட்டார்கள். ரசீதுகளை ஸ்கேன் செய்து அனுப்பினேன். 'எங்கள் பதிவேட்டில் இல்லை' என்று ஒரு வரி பதில். மேற்கு மண்டலத்துக்கு நின்ற நம் ஆள் 19 ஓட்டில் தோற்றார். இது சதியா, சோம்பலா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. சோம்பல் என்றுதான் தோன்றுகிறது. அது இன்னும் மோசம். சதி செய்பவனாவது நம்மை ஒரு ஆளாக மதித்திருப்பான்.

ஆடிட்டர்களின் கதை வேறு. அவர்களுடைய நிறுவனம் 1949-இல் சட்டம் போட்டு வந்தது. அதில் உறுப்பினராக இல்லாவிட்டால் கையெழுத்தே போட முடியாது, திட்டிக்கொண்டாவது கட்டுவார்கள். நம் சங்கத்தில் இல்லாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? ஏ.சி. குளிராமல் போய்விடுமா? மூன்றாவது சனிக்கிழமை நாலு பேரைப் பார்க்கலாம், தெரியாத ஒன்றைக் கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் கட்டுகிறான். அந்தச் சனிக்கிழமையை நடத்துவது கிளை. சின்னப் பையன்கள் சந்தாவைப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டார்கள், கூட்டத்துக்கு மட்டும் வருகிறார்கள். வாங்க என்று உட்காரவைக்கிறேன். இதற்கும் ஒரு நோட்டீஸ் வரும்.

சரி, உன் கேள்வி. ஒத்துக்கொள். நீ இல்லாவிட்டால் அந்தக் கிளை கல்யாணப் பத்திரிகையில் பதவிப் பெயர் போட்டுக்கொள்கிறவன் கையில் போய்விடும். ஆனால் சந்தா கட்டுகிற ஒவ்வொருவருடைய ரசீது நகலையும் நீயே ஃபைல் போட்டு வை, தேதியோடு. கைக்காசு போடாதே, என்னைப் பார்த்துப் புத்தி வரட்டும். டீக்கு, பில் கொடுக்கிற ஓட்டலாகப் பார்த்துக்கொள், உங்கள் ஊரில் அதற்கா பஞ்சம். பையன்களுக்கு வகுப்பு எடுத்தால் சங்கத்தின் பெயரை உள்ளே கொண்டுவராதே. இப்போது நாங்கள் அப்படித்தான் நடத்துகிறோம். முத்திரை இல்லை, சான்றிதழ் இல்லை, பள்ளிக்கூடக் கரும்பலகை மட்டும். 31 பேர் வந்த இடத்தில் இன்று காலை 22 பேர். புருவம் போன பையன் இப்போது எனக்கு உதவியாக நிற்கிறான், என் இந்தியை வகுப்புக்கு மொழிபெயர்ப்பதே அவன்தான்.

டிசம்பரில் வருவதாக எழுதியிருக்கிறாய். வரும்போது உன்னிடம் சும்மா கிடக்கும் அந்தப் பழைய ஃப்ளேரிங் டூலை, அதுதான் குழாய் வாயை விரிக்கிற கருவியை, கொண்டு வா. இங்கே 22 பேருக்கு இரண்டுதான் இருக்கிறது, அதில் ஒன்று மரை போனது.

உன்,
ராமநாதன்