இணைப்புச் சொல்லுக்கு முன்னால் ஒரு கேள்வி

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய உன் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டுப் பக்கங்களை நிதானமாகப் படித்தேன். மூன்றாம் வகுப்புக்கு நன்றாகவே எழுதுகிறார்கள். இணைப்புச் சொற்களை எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும் மண்டையில் ஏறவில்லை என்று நீ வருத்தப்பட்டிருந்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'ஆனால்', 'அதனால்', 'அல்லது' எல்லாமே அவர்களுக்குத் தெரியும், கோடிட்ட இடத்தைச் சரியாகத்தான் நிரப்பியிருக்கிறார்கள். சொந்தமாக எழுதும்போதுதான் 'அப்புறம், அப்புறம்' என்று பக்கம் முழுக்க ஓடுகிறார்கள். ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தது என்று சொல்வதோடு 'அப்புறம்' ஓய்ந்துவிடும். இரண்டு வாக்கியங்களுக்கும் என்ன உறவு என்று யோசிக்கிற வேலையே அதில் இல்லை. உன் பாடம் அந்த உறவிலிருந்து தொடங்க வேண்டும், சொற்பட்டியலிலிருந்து அல்ல.

கரும்பலகையில் ஒரே ஒரு வாக்கியம் எழுது. 'நாய் குரைத்தது.' அதன் பக்கத்தில் 'அதனால்' என்று எழுதிவிட்டுப் பிள்ளைகளை முடிக்கச் சொல். பூனை மதில் ஏறியது, பாப்பா அழுதது என்று ஆளுக்கொன்று வரும். அப்புறம் 'அதனால்' என்பதை அழித்துவிட்டு அதே இடத்தில் 'ஆனால்' என்று எழுது. இப்போது வகுப்பு ஒரு நொடி அமைதியாகும். யாராவது ஒரு பிள்ளை, "ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை" என்று சொல்லும். அந்த இடத்தில் நிறுத்தி, "நாய் குரைத்தால் என்ன நடக்கும் என்று நினைத்தாய்?" என்று கேள். எழுந்து வருவார்கள் என்று எதிர்பார்த்தோம், வரவில்லை. 'ஆனால்' என்ற சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒரு எதிர்பார்ப்பு ஒளிந்திருக்கும். அதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

என் வகுப்பில் ஒரு பையன், 'எனக்குப் படம் வரையப் பிடிக்கும், ஆனால் என் தங்கைக்கும் பிடிக்கும்' என்று எழுதினான். பார்த்தவுடன் தவறு என்று தோன்றுகிறது இல்லையா? அவனிடம் கேட்டேன். "எனக்குப் பிடிக்கிற எதுவும் அவளுக்குப் பிடிக்காது சார், இது மட்டும் பிடிக்கும்" என்றான். அவன் மனசில் இருந்த கணக்குக்கு 'ஆனால்' சரியான சொல்தான். அந்த நடு வாக்கியத்தைத்தான் எழுதாமல் விட்டுவிட்டான். அதையும் எழுதச் சொன்னேன், பத்தி அழகாகிவிட்டது. அதனால் சிவப்பு மை வைப்பதற்கு முன் ஒரு முறை கேட்டுவிடு.

'அல்லது' கொஞ்சம் மெதுவாகத்தான் வரும். பிள்ளைகள் பேச்சில் 'இல்லாட்டி' என்பார்கள். அங்கிருந்தே கூட்டிக்கொண்டு போ. 'யாரோ கதவைத் தட்டியிருக்க வேண்டும், அல்லது காற்றில் கதவு அடித்திருக்க வேண்டும்.' இரண்டில் எது என்று தெரியவில்லை என்பது புரிந்தால் போதும்.

'உம்' பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. எனக்கு அதுதான் முக்கியம். தமிழில் அதிகம் இணைப்பது தனியாக நிற்கும் சொல் அல்ல, பெயரோடு ஒட்டிக்கொள்ளும் இந்த 'உம்'தான். 'அக்கா வந்தாள். தம்பி வந்தான்.' இரண்டையும் சேர்க்கச் சொல். 'அக்காவும் தம்பியும் வந்தார்கள்' என்று வரும்போது 'வந்தாள்', 'வந்தான்' இரண்டும் காணாமல் போய் 'வந்தார்கள்' வந்து நிற்பதைக் காட்டு. பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கை. கடைசிப் பெயருக்கு 'உம்' போட மறந்து 'அக்காவும் தம்பி வந்தார்கள்' என்று எழுதுவார்கள். வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் காதே திருத்திவிடும். பழைய இலக்கண நூலான நன்னூல் உம்முக்கு எட்டுப் பொருள் சொல்கிறது. உன் பிள்ளைகளுக்கு 'அக்காவும் தம்பியும்' என்று எண்ணிச் சேர்க்கிற எண்ணும்மை ஒன்று போதும், மற்ற ஏழும் வளர்ந்த பிறகு வரட்டும்.

'மற்றும்' என்பதைக் கொஞ்சம் அடக்கியே வை. 'ராமு வந்தான் மற்றும் சாப்பிட்டான்' என்று ஒரு நோட்டில் பார்த்தேன். இரண்டு வினைமுற்றுகளை 'மற்றும்' போட்டு இணைப்பது தமிழுக்கு ஒட்டாது. 'ராமு வந்து சாப்பிட்டான்' என்றால் முடிந்தது. அந்தப் பிள்ளை வீட்டில் பேசுவதும் அப்படித்தான். பேச்சில் சரியாக இருப்பதை எழுத்தில் நாமே கெடுத்துவிடக் கூடாது.

'மழை பெய்தபோது', 'மழை பெய்ததால்' எல்லாம் இதே பாடத்தில் வேண்டாம். 'மழை பெய்தது, ஆனால் நாங்கள் விளையாடினோம்' என்பதில் இரண்டு பக்கமும் தனித்தனியாகவே நிற்கும். 'மழை பெய்தபோது' என்று சொல்லி நிறுத்தினால் கேட்பவர் "பெய்தபோது என்ன?" என்று காத்திருப்பார். இது வேறு வகை, இன்னொரு மாதம் எடுத்துக்கொள்.

ஆங்கில வகுப்பும் உன்னிடமே இருப்பதால் ஒன்று சொல்கிறேன். ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ என்ற ஏழு இணைப்புச் சொற்களையும் அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஃபேன்பாய்ஸ்' என்று மனப்பாடம் செய்ய வைப்பது வழக்கம். சிறு பிள்ளைகளுக்கு அண்ட், பட், ஆர், ஸோ என்ற நான்கே போதும். 'நார்' வந்தால் வாக்கியத்தின் வரிசையே மாறும், 'ஏனென்றால்' என்ற பொருளில் 'ஃபார்' பேச்சில் அரிதாகத்தான் வரும். அவசரம் வேண்டாம்.

எல்லா வாக்கியத்தையும் இணைக்கச் சொல்லாதே, அம்மா. நீ அனுப்பியதில் ஒரு பெண், 'எங்கள் தாத்தா ஊருக்குப் போய்விட்டார். வீடு பெரிதாக இருக்கிறது.' என்று எழுதியிருக்கிறாள். நீ நடுவில் 'அதனால்' என்று சேர்த்திருக்கிறாய். அதை எடுத்துவிடு. அவள் விட்ட இடைவெளியில் அந்தச் சொல் சொல்வதைவிட அதிகம் இருக்கிறது. எப்போது இணைப்பது, எப்போது விடுவது என்று அந்த இரண்டு வரியை வைத்தே வகுப்பில் பேசலாம். அவளிடம் கேட்டுவிட்டுப் பேசு.

நாய் குரைத்த வாக்கியத்தை இந்த வாரமே செய்து பார். பிள்ளைகள் எழுதியதைத் திருத்தாமல் அப்படியே அனுப்பு, சேர்ந்து படிக்கலாம். நாள் முழுக்கக் கத்துகிறாய், தொண்டையைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா