அடையாறா, அடையாற்றங்கரையா

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அக்காவும் சௌக்கியம். போனில் பேசக்கூடாதா, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் இதை ஆரம்பித்தால் உனக்கு மீட்டிங் வந்துவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை பாப்பா பேசினாள். "பாட்டி, அப்பா சின்ன வயசுல அடையாறுல இருந்தாராமே, ஸ்கூலுக்கு எழுதணும், வீடு எப்படி இருக்கும்?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ சொன்னது முழுப் பொய் இல்லை. அடையாறு நம் வீட்டுக்குப் பின்னாலேயேதான் ஓடியது. ஆனால் அடையாறு என்றால் காந்தி நகரும் சாஸ்திரி நகரும்தான் ஞாபகம் வரும். சைதாப்பேட்டைப் பக்கம் ஆற்றங்கரைக் குடிசை என்று யாருக்குத் தோன்றும்? "அப்பாவையே கேளுடா கண்ணு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. உங்கள் ஊரில் பார்த்தது ஒன்று கண்ணுக்குள்ளேயே நின்றது. நான் லாஸ் ஏஞ்சலஸ் வந்த இரண்டாவது வாரம், டவுன்டவுனில் சான் பெட்ரோ தெரு வழியாகப் போனோமே. நடைபாதை நெடுக டென்ட். நீ கார் கதவை லாக் போட்டாய். "அந்தப் பக்கம் பாக்காதம்மா" என்றாய். நான் பார்த்தேன். சிக்னலில் நின்ற அந்த ஒரு நிமிஷத்தில், என் வயசுப் பொம்பளை ஒருத்தி, நீல டென்ட் ஒன்றின் முன்னால் கட்டை உடைந்த துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டிருந்தாள். குப்பையை ஓரம் தள்ளினாள். செருப்பைக் கழற்றி வெளியே ஜோடியாக வைத்துவிட்டுக் குனிந்து உள்ளே போனாள். வாசல் பெருக்குகிறவளைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா?

"இதுவும் குடிசைதானேடா" என்றேன். "இல்லம்மா, இது ஸ்லம் இல்ல, ஹோம்லெஸ்" என்றாய். பெரிய வித்தியாசம் இருப்பதுபோலச் சொன்னாய். யோசித்துப் பார்த்தால், இருக்கத்தான் இருக்கிறது.

நம் குடிசையை உன் அப்பா கட்டியது இரண்டே நாளில். சவுக்குக் கம்பு, தென்னங்கீற்று, களிமண் சுவர். தார் டிரம்மை வெட்டி, தட்டி நிமிர்த்திய தகரம்தான் கதவு. மொத்தச் செலவு 1,100 ரூபாய். அதில் 300, அந்த இடம் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு வந்த ஆளுக்குக் கொடுத்தது. அவனுக்கும் அது சொந்தமில்லை, அது வேறு கதை. 1991 கணக்கெடுப்புக்கு வந்தவர் அந்தத் தகரத்தில் பெயின்டால் ஒரு எண் எழுதிவிட்டுப் போனார். நீ அப்போது கைக்குழந்தை. அன்றைக்கு உன் அப்பா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், பட்டாவே கையில் வந்ததுபோல. நம்பர் வந்தாயிற்று, இனி வீடு என்றார். அப்புறம் ரேஷன் கார்டு. மண் சுவர் செங்கல் சுவராயிற்று, கீற்று போய் ஆஸ்பெஸ்டாஸ் வந்தது. கொத்தனார் வேலையில் மிஞ்சின சிமென்ட் ஒவ்வொரு சட்டியாக நம் சுவரில் ஏறியது.

உங்கள் ஊர் டென்ட் பத்து வருஷமானாலும் டென்ட்தான். ஒரு செங்கல் வைக்க விடமாட்டார்கள். நீதான் சொன்னாய், அந்த நகரத்தில் குடியிருப்பு நிலம் ஏறத்தாழ முக்கால்வாசி ஒரு மனைக்கு ஒரு வீடு என்று வெகுகாலம் சட்டம் போட்டு ஒதுக்கி வைத்திருந்தது என்று. முன்பெல்லாம் வாரவாடகைக்குக் கிடைத்த மலிவு ஹோட்டல் அறைகளில் எத்தனையோ அறைகளை இடித்துவிட்டார்களாம். 2016இல் ஜனங்கள் ஓட்டுப் போட்டு 120 கோடி டாலர் கடன் எடுத்து வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டினார்கள். வீடு ஒன்றுக்கு 6 லட்சம் டாலர் அளவுக்கு ஆனது என்றாய். நம் காசுக்கு 5 கோடி. உன் அப்பா உயிரோடு இருந்திருந்தால் அந்தக் கணக்கைக் கேட்டுவிட்டுச் சாப்பிட்டிருக்க மாட்டார்.

2011 கணக்கெடுப்புப்படி நம் நாட்டில் குடிசைப் பகுதிகளில் இருந்தவர்கள் 6.5 கோடி. வீடே இல்லாதவர்கள் என்று எழுதினது 17.7 லட்சம். அமெரிக்காவில் 2024 ஜனவரியில் ஒரே ராத்திரியில் எண்ணியது 7,71,480 பேர். அதில் ஏறக்குறைய 2,74,000 பேர் காப்பகத்தில்கூட இல்லாமல் வெளியே கிடந்தவர்கள். நம் குடிசையை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் உங்கள் நடைபாதையில் வைத்திருந்தால் யாரும் நம்பர் எழுதியிருக்க மாட்டார்கள். நாமும் அந்த 7 லட்சத்தில் நாலு பேர்.

அவர்களெல்லாம் போதைக்காரர்கள் என்றாய். சில பேர் இருக்கலாம், எனக்குப் பயமாகவும்தான் இருந்தது. ஆனால் நம் சந்தில் குடிக்காத ஆம்பளை யார், சொல்லு? மூணாவது வீட்டு மாமா தினமும் தள்ளாடிக்கொண்டு வருவார். வந்து விழுவது பெண்டாட்டி போட்ட கீற்றுக்கு அடியில். அவருக்கு வாடகை கேட்க ஆளில்லை, அதனால் தெருவுக்கு வரவில்லை. இதே மாமா லாஸ் ஏஞ்சலஸில் பிறந்திருந்தால் நீ கதவை லாக் போட்டிருப்பாய்.

குடிசையை நான் தூக்கிவைத்துப் பேசவில்லை. ஆற்று நாற்றம், அதிகாலையில் பொம்பளைகள் இருட்டோடு போய்வந்தது, தண்ணீர் லாரிக்கு முன்னால் குடத்தால் அடித்துக்கொண்டது, ஒரு மே மாதம் அடுத்த வரிசை முழுக்க எரிந்தது, எதையும் மறக்கவில்லை. 2000இல் இடித்தார்களே. உனக்கு ஒன்பது வயசு. லாரியில் பாத்திரத்தோடு உட்கார்ந்து, ஊருக்கு வெளியே அரசாங்கம் கட்டின கண்ணகி நகர் போனோம். சிமென்ட் வீடு, 195 சதுர அடி. வீடு கிடைத்தது, பால்வாடி வேலைக்குப் போய்வர பஸ்ஸிலேயே மூணு மணி நேரம். நான் தாக்குப்பிடித்தேன். வீட்டு வேலை செய்த எத்தனையோ பொம்பளைகள் வேலையை விட்டார்கள். ஆற்றங்கரையிலேயே தங்கிவிட்டவர்கள் 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் அதேபோல ஊருக்கு வெளியே பெரும்பாக்கம் போனார்கள். பாரிமுனைப் பக்கம் பிளாட்பாரத்திலேயே பிறந்து அங்கேயே பிள்ளை பெற்றவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள், அவர்களுக்கு அந்தத் தகரம்கூட இல்லை.

கோர்ட்டும் அப்படித்தான். 1985இல் பம்பாய் நடைபாதையில் குடியிருந்தவர்கள் வழக்கில் நம் உச்ச நீதிமன்றத்தில், பிழைப்பு என்பது உயிர் வாழும் உரிமையில் சேர்த்தி என்று சொன்னார்கள். சொல்லிவிட்டு, நோட்டீஸ் கொடுத்துக் காலி செய்யலாம் என்றும் சொன்னார்கள். உன் அப்பா சங்கக் கூட்டத்தில் முதல் பாதியை மட்டும் சொல்லுவார். உங்கள் உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில், வெளியே படுத்தால் அபராதம் போடுவது தப்பில்லை என்றது. போக இடமில்லாவிட்டாலும்.

நான் கிளம்புவதற்கு முன்னால் அந்தத் தெருப்பக்கம் இன்னொரு தடவை போனோம், கவனித்தாயா? கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. தரை கழுவி ஈரமாக இருந்தது. நீல டென்ட் இல்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை, நீயும் ஒன்றும் சொல்லவில்லை. கதவை மட்டும் நீ லாக் போடவில்லை.

அக்கா பீரோவில் ஒரு போட்டோ கிடைத்தது. குடிசை வாசலில் டவுசரோடு நிற்கிறாய், மூக்கு ஒழுகுகிறது. உன் தோளுக்குப் பின்னால் தகரத்தில் எண், பாதி அழிந்து. எதிர் வீட்டுப் பையன் 14ஆம் தேதி உங்கள் ஊருக்கு வருகிறான், அவனிடம் பாப்பா பெயர் எழுதி உறையில் கொடுத்தனுப்புகிறேன். அது கதவு என்று அவளுக்குத் தெரியாது, நீ சொல்ல வேண்டும். பருப்புப் பொடியும் கூடவே வருகிறது. இந்தத் தடவை காரம் குறைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா