பாஸ் வாங்க 12 முறை பஸ் ஏறியவரின் தங்கை எழுதுவது

டெல்டா மாவட்டங்களின் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர்களுக்கும் அரசுப் போக்குவரத்துக் கழகத்தாருக்கும் வணக்கம்.

என் அண்ணனுக்கு இரண்டு வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிப்போனது. காலைத் தாங்கும் காலிப்பர் சட்டம் மாட்டி, கட்டை ஊன்றி நடப்பார். பக்கத்து டவுனில் ஒரு தையல் கடையில் வேலை. எங்கள் ஊர் கடைமடை. ஆற்றுத் தண்ணீர் மாதிரி பஸ்ஸும் எங்களுக்குக் கடைசியாகத்தான் வந்து சேரும். காலையில் ஒரு டவுன் பஸ் உண்டு. சாதாரண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் கூட வரும் ஒருவருக்கும் டிக்கெட் இல்லை என்று 2021-இல் அரசு அறிவித்தது எங்கள் வீட்டுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் ராத்திரி கடை அடைத்த பிறகு கிடைப்பது வெளியூர் போகிற மொபசல் பஸ் மட்டும்தான். அதில் அடையாள அட்டையைக் காட்டினால் கால்வாசி டிக்கெட். பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு அந்தக் கால்வாசியும் தினமும் கூலியிலிருந்துதான் போக வேண்டும். அதனால்தான் வேலைக்குப் போய்வர இலவச பஸ் பாஸுக்கு விண்ணப்பித்தோம்.

எந்த அலுவலகம் என்று இங்கே எழுதவில்லை. அங்கே இருந்தவர் எங்களிடம் மரியாதையாகவே பேசினார், படிவத்தில் உள்ளதைத்தான் கேட்டார். முதல் நடையில், பணிச்சான்றில் கடை முத்திரை இல்லை என்றார். இரண்டு மெஷின் போட்ட கடைக்கு முத்திரை ஏது? கடைக்காரர் அதற்காகவே ரப்பர் ஸ்டாம்ப் செய்து குத்திக் கொடுத்தார். இரண்டாம் நடையில் கையெழுத்துப் போட வேண்டியவர் கூட்டத்துக்குப் போயிருந்தார். மூன்றாம் நடையில்தான் பாஸ் கைக்கு வந்தது.

போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். மூன்று நடைக்கு 12 முறை ஏறி இறங்கியிருக்கிறார். மொபசல் பஸ்ஸின் முதல் படி அண்ணனின் முழங்கால் உயரம் நிற்கும். முதலில் கட்டையை உள்ளே போடுவார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, நல்ல காலை மேலே வைத்து, உடம்பை இழுத்துக்கொண்டு எழும்புவார். காலிப்பர் கால் தானாக வராது. நான் கீழே நின்று செருப்போடு தூக்கி வைப்பேன். அதற்குள் விசில் ஊதிவிடும். மூன்றாம் நாள் திரும்பி வரும்போது அவர் உள்ளங்கையில் கம்பி பதிந்த தடம் வீடு வரும்வரை சிவப்பாகவே இருந்தது. அந்த மூன்று நாளும் அவருக்குக் கூலி இல்லை, எனக்கும் இல்லை.

வேதாரண்யத்துக்காரர் நாகப்பட்டினம் போக வேண்டும், பேராவூரணிக்காரர் தஞ்சாவூர் போக வேண்டும், முத்துப்பேட்டைக்காரர் திருவாரூர் போக வேண்டும். 2020-இல் மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆனதும் சீர்காழி, கொள்ளிடம் பக்கத்து ஜனங்களுக்கு நாகப்பட்டினம் வரை போகிற அலைச்சல் விட்டது. தூரம் குறைந்தால் எவ்வளவு நிம்மதி என்று அவர்களைக் கேட்டால் தெரியும். அதே நிம்மதியைத்தான் நாங்களும் கேட்கிறோம். விண்ணப்பம் ஊர்ப் பக்கத்து இ-சேவை மையத்தில் தொடங்கி அங்கேயே முடியட்டும். என்ன குறை என்றாலும் போனில் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறோம். நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்றால் வருஷத்துக்கு ஒரு நாள் தாலுகா அலுவலகத்தில் முகாம் போடுங்கள்.

அப்புறம் இந்த மார்ச் 31. அன்றோடு பாஸ் முடிந்துவிடுகிறது. சில வருஷங்களில் ஜூன் வரை செல்லும் என்று நீட்டிப்பு வருகிறது, அதற்கு நன்றி. ஆனால் அண்ணனின் ஊனம் நிரந்தரம் என்று மருத்துவக் குழு சான்று கொடுத்திருக்கிறது. அரசே கொடுத்த அடையாள அட்டையும் கையில் இருக்கிறது. வேலை மாறினால்தான் சான்று மாற வேண்டும். கால் மாறப்போவதில்லை, பிறகு எதற்கு வருஷா வருஷம் அதே நகல்கள், அதே போட்டோ? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களைச் சொல்கிறது. அதில் பலருக்கு அண்ணன் அளவுக்குக்கூட நடக்க முடியாது. மனவளர்ச்சி குன்றிய பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற ஓர் அம்மாவை இரண்டாம் நடையில் பார்த்தேன். பிள்ளைக்குப் பத்து வயதிருக்கும்.

நடத்துநர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். கட்டையோடு ஒருவர் படியில் இருந்தால், அவர் உட்கார்ந்த பிறகு விசில் ஊதட்டும்.

அண்ணனின் பாஸ் வரும் மார்ச்சில் முடிகிறது. அதற்குள் உங்களிடமிருந்து நல்ல பதில் வரும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
கடைமடையிலிருந்து ஒரு தையல்காரரின் தங்கை